எந்தத் தலைப்பில் காலமானார்

இதனால் மாம்போங் நகரத்துச் சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் க்வாமே அஜ்யார்கோ அவர்கள் காலமாகிப் பதினோரு நாளாகிறது, உடல் பிணவறைக் குளிரில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் அவர் எந்தத் தலைப்பில் காலமானார் என்பது மட்டும் இன்னும் தீர்மானமாகவில்லை.

தலைப்பு இல்லாமல் போஸ்டர் அடிக்க முடியாது. போஸ்டர் ஒட்டாமல் எங்கள் ஊரில் யாரையும் புதைத்ததில்லை. ஆகையால், அச்சகம் வைத்திருக்கும் நானும் மாதிரித் தாள்களைச் சுருட்டிக்கொண்டு குடும்பக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தேன்.

அசலூர்க்காரனுக்கு எல்லாம் ஒன்றுதான், ஆள் செத்துவிட்டார். எங்களுக்கு அப்படியில்லை. 'மகிமைக்கு அழைப்பு' என்று போட்டால் ஆள் எழுபது தாண்டியவர், வந்த வேலையை முடித்துக்கொண்டு கிளம்பினார். கறுப்பும் வெள்ளையும் உடுத்தி வந்து ஆடலாம். 'என்ன ஒரு அதிர்ச்சி!' என்று போட்டால் போகிற வயதில்லை. கறுப்பும் சிவப்பும் உடுத்த வேண்டும். அதைவிட முக்கியம், யாராவது அதற்குக் காரணமாக இருந்தாக வேண்டும். காரணத்தைத் தேடி எங்கள் குடும்பங்கள் ரொம்ப தூரம் நடப்பதில்லை. பெண்டாட்டி வரைக்கும் போய் நின்றுவிடும்.

பெண்டாட்டி செர்வா கடைசி நாற்காலியில் இருந்தாள். குடியிருக்கும் வீடு புருஷனின் தாய்வழிக் குடும்பத்துடையது. அதிர்ச்சி என்று முடிவானால் அந்த வீட்டில் அவளுக்கு இடமில்லை. அது அங்கிருந்த கோழிக்குக்கூடத் தெரியும்.

குடும்பத் தலைவர் ட்வுமாசி எழுந்தார். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் முப்பது வருஷம் முத்திரை குத்தியவர். பேசினாலும் முத்திரை விழுகிற சத்தம் கேட்கும்.

"அழைப்பு வேற, பிரிவு வேற, மறைவு வேற. அழைப்புன்னா மேல இருந்து கூப்பிடணும். பிரிவுன்னா கூப்பிடாமலே போறது. மறைவுன்னா..."

"போலீஸ் தேடுறது," என்றது பின்வரிசை.

"யாருய்யா அது? ஆராய்ச்சி நடக்கும்போது குறுக்க பேசக் கூடாது."

இறந்தவரின் அக்கா போமாவுக்கு ஆராய்ச்சியில் நம்பிக்கை இல்லை. "அதிர்ச்சின்னு போடுங்க. எனக்கு இன்னும் நெஞ்சு படபடன்னு அடிக்குது."

"ரெண்டு வருஷம் படுக்கையில கெடந்தாரு, மதினி," என்றாள் செர்வா. "சிறுநீரகம் கெட்டுப்போச்சுன்னு டாக்டரு எழுதியே குடுத்தாரு. புரட்டிப் போட்டதும் நான், கழுவி விட்டதும் நான். இதுல அதிர்ச்சி எங்கருந்து வந்துச்சு? மாசம் ஒருக்கா எட்டிப் பாத்திருந்தா உங்களுக்கும் பழகியிருக்கும்."

சிலர் சிரித்தார்கள். போமா சிரிக்கவில்லை.

"கெட்டுப்போச்சா, கெடுத்தாங்களா? அறுபத்திரண்டு சாகுற வயசாடி?"

செர்வா மடியிலிருந்து ஒரு தாளை எடுத்துத் தலைவரிடம் நீட்டினாள். சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து உபதேசியார் பார்த்து எழுதிக் கொடுத்த நகல். அதன்படி அஜ்யார்கோவுக்கு எழுபத்தொன்று. வேலைக்குச் சேரும்போது ஒன்பது வருஷத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சேர்ந்திருக்கிறார். எங்கள் ஊரில் அரசாங்க வேலை பார்க்கும் எல்லோருக்கும் வீட்டு வயது ஒன்று, ஆபீஸ் வயது ஒன்று. அதில் ஒன்றும் ரகசியமில்லை, சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

"அப்போ எழுவத்தொண்ணு," என்றாள் செர்வா. "மகிமைன்னே போடலாம், பெரியவரே."

பின்வரிசை சும்மா இருக்குமா? "அப்போ போமா அக்காவுக்கு எழுவத்தஞ்சா? போன வருஷந்தானே அறுவத்தஞ்சுக்குக் கேக் வெட்டுனோம்!"

இந்தத் தடவை சிரிப்பு அடங்க நேரமாயிற்று. தலைவர் அடங்கும்வரை தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை நாலாக மடித்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"வயசு வேற, ஆதாரம் வேற," என்றார். "அரசாங்கம் அறுவதுலதான் அவனை அனுப்புச்சு. இப்ப நாம எழுவத்தொண்ணுன்னு சுவத்துல ஒட்டினா என்ன அர்த்தம்? ஒரு தலைமையாசிரியர் ஒம்போது வருஷத்தைக் கொறச்சுப் பொய் சொன்னார்னு அர்த்தம். குடும்ப மானம் என்னாவுறது? வயசு அறுபத்திரண்டு. அறுபத்திரண்டுக்கு மகிமை கெடையாது."

"அந்தத் தாளைக் குடுங்க, பெரியவரே."

"எந்தத் தாளு?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள். நான் தலைவர் பக்கத்திலேயே இருந்தேன். அந்த நகலை நானும் படித்திருந்தேன். தவிரவும், அஜ்யார்கோ வாத்தியார் எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தபோது அவருக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. கணக்குப் போட எனக்குப் பதிவேடு வேண்டாம்.

"தலைப்புக்குச் சிவப்பு மை போடலாங்களா?" என்று தலைவரிடம் கேட்டேன்.

"போடு. ஆச்சரியக்குறி மூணு வை."

"மனைவி பேரு?"

"எடம் இருந்தா வை," என்றாள் போமா.

இடம் இருந்தது. ஆனாலும் போமா ஒரு முறை என்னைப் பார்த்தாள். நான் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். இடம் போய்விட்டது.

போஸ்டர் நன்றாக வந்தது. சனிக்கிழமை அடக்கம் செய்தார்கள், ஞாயிற்றுக்கிழமை கோவிலில் நன்றி சொன்னார்கள், திங்கட்கிழமை வீட்டுப் பூட்டை மாற்றினார்கள்.