வலப்பக்கத்துக் கைப்பிடி

மார்ச் மாதம் பதினான்காம் நாள், செவ்வாய்க்கிழமை. வானம் மேகமூட்டத்துடன் காணப்பட்டது, மழை பெய்யவில்லை.

1

இக்கதை பிறந்த காரணத்தை முதற்கண் ஒப்புக்கொள்கிறேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று என் மாமனாருக்கு நேற்று வாக்களித்தேன். எழுதமாட்டேன் என்று வாக்களிக்கவில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி: முதுமை என்பது மனித வாழ்வின் மாலைப்பொழுது ஆகும். அம்மாலைப்பொழுதில் (கைவிடப்பட்டது. அவர் குளிப்பது காலையில்.)

இரண்டாம் முயற்சி: எழுபத்தொன்பது வயது முதியவர் ஒருவர் மூன்று வாரங்களாகக் குளியலறைக்குள் பின்பக்கமாக நடந்து சென்றுகொண்டிருந்தார். (இருக்கட்டும். உண்மையும் இதுவே.)

3

குளியலறைக் கைப்பிடியை மாட்டியவள் என் மனைவி, அதாவது அவருடைய மகள். அப்பா வழுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று டிரில்லிங் மெஷினை இரவல் வாங்கி, இரண்டு டைல்களை உடைத்து, உள்ளங்கை கொப்புளிக்க, நுழைபவரின் வலப்பக்கச் சுவரில் அதனைப் பொருத்தினாள். லிஃப்ட் பழுதுபார்ப்பவனாகிய நானே தொங்கிப் பார்த்து, உறுதி எனச் சான்றளித்தேன்.

வலக்கையை அவரால் தூக்க இயலாது என்பதை மட்டும் எவரும் அறிந்திலோம். பின்பக்கமாக நுழைந்தால் கைப்பிடி இடக்கைக்கு வந்துவிடும்.

"தாத்தா ரிவர்ஸ் எடுக்கிறாரு" என்று அறிவித்த என் மகள், லாரியைப் போல ஒலி எழுப்பி அனைவரையும் வழிவிடச் செய்தாள். என் மனைவி சிரிக்கவில்லை. அப்பாவுக்குப் புத்தி தடுமாறுகிறது என முடிவுகட்டி, இன்று பதினொரு மணிக்கு மருத்துவரைக் காண ஏற்பாடு செய்தாள். மருத்துவரும் ஆமென்றால், அவர் தனியே நடைப்பயிற்சிக்குப் போவது நிற்கும், வாசற்சாவியும் பறிபோகும்.

4

நேற்றுக் குளியலறைக் கதவு சற்றுத் திறந்திருந்ததால், வலக்கை தொங்க இடக்கையால் அவர் கைப்பிடியைப் பற்றுவதை நான் கண்டுகொண்டேன்.

"கழட்டி அந்தப் பக்கம் மாட்டிடறேன் மாமா. பத்து நிமிஷ வேலை."

"வேணாம் மாப்பிள்ளை. கை கொப்புளிக்க மாட்டினா. தப்பான பக்கம்னு எந்த வாயால சொல்றது? லூசுன்னு நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும்."

(இப்பாத்திரத்தை நான் ஐயுறுகிறேன். சாவியை இழக்கத் துணிந்தவர், மகளின் முகம் வாடுவதைப் பொறுக்கமாட்டாராம். கதையில் எழுதினால் யார் நம்புவார்? நேரில் பார்த்த நானே பாதிதான் நம்பினேன்.)

5

முடிவுகள்.

(அ) நான் சொல்லிவிடுகிறேன். கைப்பிடி இடம் மாறுகிறது. மாமனார் என்னிடம் பேசுவதை நிறுத்திவிடுகிறார்.

(ஆ) நான் வாய் திறக்கவில்லை. மருத்துவர் கேட்கும் கிழமை, மாதம், ஆண்டு யாவற்றுக்கும் அவர் பிழையின்றி விடையளிக்கிறார். ஏன் பின்பக்கமாக நடக்கிறீர்கள் என்பதற்கு மட்டும்

(இம்முடிவை மேற்கொண்டு எழுத மனம் வரவில்லை.)

(இ) நடந்தது. மருத்துவரிடம் புறப்பட்டோம். வாசலில் மூன்று படிகள். என் மனைவி அவருடைய வலப்பக்கம் வந்து நின்று கை நீட்டினாள். அவர் சற்றுத் தயங்கினார். பிறகு வீட்டை நோக்கித் திரும்பி, இடக்கையால் அவள் கையைப் பற்றி, பின்பக்கமாக ஒரு படி இறங்கினார். பேத்தி லாரி ஒலிக்கு வாயெடுத்தாள். நான் அந்த வாயைப் பொத்தினேன்.

என் மனைவி அசையவில்லை. தன்னைப் பற்றிய கையையும் தொங்கிக் கிடந்த கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா, எந்தக் கை வலிக்குது?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நானோ சொல்லமாட்டேன் என்று வாக்களித்தவன். வாசகரே, நீங்கள் சொல்லுங்கள்.

அப்போது மணி காலை பத்து நாற்பத்திரண்டு.