பதினொரு நாள் புகழும் ஒரு நயப்புரையும்

நாங்கள் பதினொரு நாள் புகழோடு இருந்தோம். நாங்கள் என்றால் ‘மைனஸ் முப்பது’ இசைக்குழு: டிரம் மெஷினை இயக்கும் டினோஜன், எண்பதுகளில் செய்த கிழட்டு சின்தசைசரை வாசிக்கும் சாரங்கன், பாடுகிற நிருஷா என்கிற நான். நாங்கள் வாசிக்கும் நியூ வேவ் இசை என்றால் என்னவென்று எங்கள் வீடுகளில் யாருக்கும் தெரியாது. “செத்தவீட்டில ரோபோ பாடுற மாதிரிக் கிடக்கு” என்றார் அம்மா. உண்மையைச் சொன்னால் அது நல்ல விமர்சனம்தான்.

எங்கள் முதல் அல்பம் ‘குளிர்பெட்டி’யில் ஒன்பது பாட்டுகள். எல்லாம் நான் எழுதியவை. ஒரு பிரெஞ்சு வாரப் பத்திரிகை, ஒரு சொல்லும் விளங்காமலே அதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. உடனே கோடை இசைவிழா ஒன்றின் அமைப்பாளர் ஜொஸ்லின், எங்களை மேடையில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக எழுதினார். அவர் நான் பாடிக் கேட்கவேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

மேடைக்கு எங்கே போவது? எங்கள் சனம் நெருங்கி வாழும் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபம், பழைய மாணவர் சங்கத் தலைவர் சண்முகலிங்கம் அங்கிளின் கையில் இருந்தது.

“தரலாம் பிள்ளை. ஆனா வெளியீட்டு விழா எண்டா முறையாச் செய்யவேணும்” என்றார்.

முறை என்றால் விளக்கேற்றல், இறந்தவர்களுக்கு அகவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, முதற்பிரதி வாங்க ஒரு டசின் பேர், அதற்குப் பிறகு பாராட்டிப் பேசும் அங்கிளின் நயப்புரை. அதுவும் முடிந்தால்தான் நாங்கள். மண்டபமோ ஐந்து மணிவரைதான். அந்த ஞாயிற்றுக்கிழமை, ஜொஸ்லினும் வந்து பின்வரிசையில் இருக்க, நாலு பத்துக்கு அங்கிள் மைக்கைப் பிடித்தார். நாலரைக்கும் விடவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு மணிக்கூட்டையே பார்த்தேன். முடிக்கச் சொல்லி ஜாடை காட்டத்தான் டினோஜன் டிரம் மெஷினைப் போட்டான். அங்கிள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தாளத்தில் ஏறி உட்கார்ந்து இன்னும் உரக்கப் பேசினார். சாரங்கனும் பொறுக்கமுடியாமல் சின்தசைசரில் கைவைத்தான். சனம் கைதட்டியது. ஐந்து மணிக்குக் காவலாளி வந்து விளக்கை அணைத்தார். நான் ஒரு வரிகூடப் பாடவில்லை.

ஜொஸ்லின் மேடைக்கே ஓடிவந்தார். “அற்புதம்! யார் அந்தப் பாடகர்?” என்று பிரெஞ்சில் கேட்டார். கோடை இசைவிழாவில் எங்களுக்கு இடம் நிச்சயம். ஆனால் அங்கிள் வரவேண்டும், இசை ஓட ஓட அவர் பேசவேண்டும். நான் பின்னால் நின்று இடைக்கிடை ஒத்துப் பாடலாமாம்.

“நான் பின்னால நிக்கமாட்டன்” என்று சாரங்கனிடம் சொன்னேன்.

“விடு நிருஷா, பெரிய மேடை கிடைக்குதல்லோ” என்றான் சாரங்கன்.

பத்து நாள் அவனோடு சண்டை பிடித்தேன். அந்தப் பேச்சின் ஒரு நிமிட வீடியோ அதற்குள் நகரம் முழுக்க ஓடிவிட்டது. பால் வாங்கப் போன இடத்திலும் “அந்த ஐயாவின்ர ஆக்கள்தானே நீங்கள்?” என்று கேட்டார்கள்.

பத்தாம் நாள், அங்கிளைத் திட்ட ஆதாரம் தேடி முழுப் பேச்சையும் மெட்ரோவில் காதில் மாட்டிக் கேட்டேன். அவர் என் பாட்டுகளைத்தான் பேசிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக, வரி வரியாக. “குளிர்பெட்டியைத் திறந்துகொண்டு நிக்கிற இந்தப் பெட்டைக்குப் பசியில்லை. வீட்டில கதைக்க ஆளில்லை” என்றார். அதை நான் யாருக்கும் விளக்கிச் சொன்னதில்லை. மூன்றாவது பாட்டு நீளம் கூட என்றும் சொன்னார், அதுவும் சரிதான். என் ஒன்பது பாட்டையும் சொல் விளங்கிக் கேட்ட ஒரே மனிதர் அவர். அவர் சொன்னதில் ஒன்றையும் அன்று மண்டபத்தில் நான் கேட்கவில்லை. அக்காடி நிறுத்தத்தில் இறங்கும்போது வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

அங்கிளுக்குப் போன் எடுத்தேன். “இசைவிழாவில பேச வாறீங்களோ?”

“நீர் எப்ப பாடுறீர்?”

“நீங்கள் பேசேக்க, பின்னால நிண்டு.”

“அதென்ன கதை? நீர் பாடேக்க நான் வாய் திறக்கமாட்டன் பிள்ளை. எனக்குக் கேக்கவேணும்.”

அதை அப்படியே ஜொஸ்லினுக்கு எழுதினேன். மறுநாள் மெர்சி, அதாவது நன்றி, என்று தொடங்கி மெர்சி என்று முடிகிற மறுப்புப் பதில் வந்தது. அத்தோடு புகழ் முடிந்தது. சாரங்கன் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

அடுத்த மாதம் அதே மண்டபத்தை அங்கிள் ஒரு முழுநாளுக்கு எடுத்துத் தந்தார். ஐந்து நிமிடம் என்று சொல்லி நாற்பது நிமிடம் பேசினார். பிறகு இறங்கிப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். நான் ஒன்பது பாட்டையும் பாடினேன்.