உருமால்கல்

பாதி எழுந்து அந்தரத்தில் நிற்கிறது கல், முன்னாலும் போகாமல் பின்னாலும் சாயாமல், கயிறு முறுகி முனகுகிறது, அங்கே இருந்தவர்கள் என் அப்பா சென்னியப்பர், தாய்மாமன் குழந்தைசாமி, தங்கை பாவாத்தாள், நான், காரியப்பன் வீட்டு மயிலைக் காளைகள் இரண்டு, இவ்வளவுதான், வேறு ஒருவரும் இல்லை, நானும் அங்கே இருந்தேன் என்று இப்போது சொல்லிக்கொண்டு கிளம்பியிருக்கும் பதினோரு பேரும் அன்று அங்கே இல்லை, அவர்களில் நாலு பேர் அப்போது பிறக்கவே இல்லை, எழுபத்தேழாம் வருஷத்துச் சித்திரை, காலை பத்து மணி வெயில், ஊரே மாட்டுச் சந்தைக்குப் போய்விட்டது, எனக்கு இருபத்துநாலு வயது, உள்ளங்கைத் தோல் உரிந்து கயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இன்றும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடினால் கல் எழுகிறது, பாதியில் நிற்கிறது, மாமன் கத்துகிறார், மச்சான், தலை கீழ போவுது, கால் மேல வருது, அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, தெரியுது, திருப்பிப் போட எட்டு மாடு வேணும், இருக்கறது ரெண்டு, தலையோ காலோ, சாயங்காலம் ஊர் திரும்பறப்ப கல்லு நிக்கோணும், ஓட்றா மாட்டை.

நிற்கத்தான் வேண்டும், ஏனென்றால் எங்கள் குடும்பமே அந்தக் கல்லின் காவல் குடும்பம், பதினாறு அடி உயரம், அடி பருத்து நுனி சிறுத்த ஒற்றைக் கல், யார் நட்டது என்று என் தாத்தாவுக்கும் தெரியாது, அவர் தனக்குத் தெரியாது என்று வாழ்நாளில் ஒப்புக்கொண்ட ஒரே விஷயம் அதுதான், வருஷா வருஷம் பட்டிப்பொங்கலன்று ஊரே அதன் அடியில் பானை வைக்கும், பானை பொங்கும் நேரத்தில் ஊர்ப் பெரியதனக்காரர் எங்கள் வீட்டுத் தலைமகனைப் பார்த்து மூன்று முறை கேட்பார், கல்லு விழுகாம நிக்குதா, எங்கள் வீட்டார் மூன்று முறை சொல்ல வேண்டும், விழுகாம நிக்குது, சொன்னதும் சிவப்புக் கரை போட்ட உருமாலை எடுத்து எங்கள் தலையில் கட்டுவார்கள், அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்குச் சர்க்கரைப் பொங்கல், கல் விழுந்தால் காவல் போயிற்று, உருமால் அடுத்த பங்காளி வீட்டுக்குப் போய்விடும், அடுத்த பங்காளி காரியப்பன் வீடு, அந்த வீட்டார் நாலு தலைமுறையாக ஒவ்வொரு காற்று மழைக்கும் வாசலுக்கு வந்து கல்லைப் பார்த்துவிட்டு உள்ளே போகிறவர்கள், நாங்கள் அப்படிப்பட்ட ஆட்கள் இல்லை, எங்கள் வீட்டில் யாரும் பஸ்ஸில் நின்றுகொண்டு போனதில்லை, உட்கார இடமில்லை என்றால் அடுத்த பஸ், இடம் இல்லாத அடுத்த பஸ்ஸையும் விட்டுவிட்டு நடந்தே போய்ச் சேர்ந்த கல்யாணங்கள் உண்டு, தாலி கட்டி முடித்து இலை எடுத்த பிறகு.

அப்படிப்பட்ட குடும்பத்தின் காவலில் அந்தச் சித்திரைக் கோடைமழை அடித்து, விடிந்து பார்த்தால் கல் கிழக்கே தலை வைத்துப் படுத்திருக்கிறது, பாவாத்தாள்தான் பால் கறக்கப் போனவள் முதலில் பார்த்தாள், அலறவில்லை, நிதானமாக வந்து அப்பாவிடம் சொன்னாள், அப்பா, கல்லு தூங்குது. அப்பா மாமனுக்கு ஆள் விடாமல் தானே போய்க் கூட்டி வந்தார், மாமன் கிணற்று வேலைக்காரர், கல்லைத் தூக்கும் சூட்சுமம் தெரிந்தவர், எங்களிடம் அப்போது மோட்டாரும் கறவைப் பசுவும்தான் இருந்தன, காளை இல்லை, கவலை இறைத்து, அதாவது தோல் சாலில் கிணற்று நீரை இழுத்துப் பழகிய காளைகள் காரியப்பன் வீட்டில்தான் இருந்தன, அந்த வீட்டார் கன்றுகளை விற்கச் சந்தைக்குப் போயிருந்தார்கள், காவலுக்கு விட்டுப்போன காரியப்பனையும் காணோம், அப்பா கட்டுத்தறியிலிருந்து காளைகளை அவிழ்த்து வந்தார், கேட்காமல், இதை எழுதும்போது இன்னும் என் காது சூடாகிறது. கவலைக் காளைகளுக்குக் கிணற்றிலிருந்து விலகிச் சரிவில் இறங்கி இழுக்க மட்டும்தான் தெரியும், சரிவு கிழக்கே, கல்லின் தலையும் கிழக்கே, தலையைத் தூக்க வேண்டுமானால் மேற்கே இழுக்க வேண்டும், மேற்கே கிணறு, ஆகவே அப்பா தலை கிடந்த இடத்திலேயே புதுக் குழி வெட்டச் சொன்னார், காலில் கயிற்றைக் கட்டிக் கிழக்கே ஓட்டினோம், தலை குழிக்குள் இறங்கியது, கால் வானத்துக்குப் போனது, பழைய குழியை மண் போட்டுத் தூர்த்தோம், ஆட்டம் நிற்கப் புதுக் குழியைச் சுற்றி ஓட்டுத் துண்டுகளைப் போட்டு இடித்தோம், மாட்டுக்கொட்டகைக்கு வாங்கி வைத்திருந்த புது ஓடு, ஒவ்வொன்றின் முதுகிலும் யானைப் படம்.

சாயங்காலம் ஊர் திரும்பியது, நாங்கள் நாலு பேரும் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம், வண்டி வண்டியாக வருகிறார்கள், கல் பதினாறு அடி கிழக்கே நகர்ந்திருக்கிறது, தலைகீழாக நிற்கிறது, ஒருவரும் கவனிக்கவில்லை, பிறந்ததிலிருந்து பார்க்கிற கல்லை யார் பார்க்கிறார்கள், ஒரே ஒரு கிழவி மட்டும் வண்டியிலிருந்து கழுத்தை நீட்டி, ஏம்ப்பா சென்னியா, கல்லு ஊதுனாப்புல இருக்குது என்றாள், மழையில ஊறியிருக்கும் என்றார் அப்பா, அதான பார்த்தேன் என்று அவளும் போய்விட்டாள். அப்பா எண்பத்தைந்தாம் வருஷம் போனார், போவதற்கு முன் என் கையைப் பிடித்து அடியில தோண்ட மட்டும் விட்றாத என்றார், அதற்குப் பிறகு முப்பத்தொன்பது பொங்கலுக்கு நான்தான் சொல்லி வந்தேன், விழுகாம நிக்குது, ஒரு பொங்கலுக்கு மூன்று பொய், கணக்குப் போட மாட்டேன்.

பிறகுதான் அந்த ஆராய்ச்சிக்கார அம்மணி வந்தாள், திலகவதி, பல்கலைக்கழகத்தில் தொல்லியல் சொல்லிக்கொடுக்கிறவள், வெயிலுக்குத் தொப்பியும் தோளில் பையுமாகக் கல்லை மூன்று சுற்றுச் சுற்றி வந்து அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள், ஐயா, மூவாயிரம் வருஷம் இருக்கும், தமிழ்நாட்டுல எத்தனையோ நெடுங்கல் பார்த்திருக்கேன், கீழ சிறுத்து மேல பருத்த நெடுங்கல் இது ஒண்ணுதான். நான் முதுகை நேராக வைத்துக்கொண்டு, இருக்கும் என்றேன். மண்ணுக்குள் புதைந்திருந்த இரண்டடி வெளுத்துப்போய் இப்போது உச்சியில் பட்டையாகத் தெரிகிறது, அதைக் காட்டி, ஆதி மனுஷன் தலைவனுக்கு உருமால் கட்டின மாதிரி வண்ணம் பூசியிருக்கான் பாருங்க என்றாள், மாடுகள் தலைமுறை தலைமுறையாக முதுகு தேய்த்து வழவழப்பான இடம் ஆள் தலைக்கு மேலே ஒரு முழம் ஏறியிருந்தது, அதைத் தடவ எட்டாமல் குதித்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு உயரத்துல எது உராய்ஞ்சிருக்கும் என்று யோசித்தாள், பிறகு முகம் மலர்ந்தது, யானை, ஐயா, யானை. எனக்கு அவள்மேல் பிரியம் வந்ததே அப்போதுதான், எங்கள் வீட்டுச் செவலைப் பசுவை யானையாக்கியவளை எப்படி வெறுப்பது.

அவள் எழுதிய கட்டுரை பத்திரிகையில் வந்தது, ஊர் மாறிவிட்டது, அதுவரை எங்கள் ஊர்ப் பேரைச் சொன்னால் கண்டக்டர் அப்படி ஒரு ஊரா என்பார், இப்போது பஸ் நிறுத்தத்துக்கே உருமால்கல் என்று பேர், ஞாயிற்றுக்கிழமை வேன் வேனாக வருகிறார்கள், கல்லைக் கட்டிப்பிடித்துப் படம் எடுக்கிறார்கள், பள்ளிக்கூடச் சட்டைப் பையில் கல் படம், பெரியதனக்காரர் நாட்ராயன் உருமால்கல் பேக்கரி என்று ஒன்று திறந்து மேலே பருத்த பன்னு போட்டு விற்கிறார், அதுவரை கல்லைத் திரும்பிப் பார்க்காத ஊர் இப்போது வேறு எதையும் பார்ப்பதில்லை, வருகிறவர்களிடம் நாட்ராயன் என்னைக் காட்டி, இவங்க குடும்பந்தான் காவல், கல்லு ஒருக்காலும் விழுந்ததில்லை என்கிறார், நான் தலையசைக்கிறேன், தலையசைக்கும்போது கழுத்து நோகிறது. போன மார்கழியில் திலகவதி மறுபடியும் வந்தாள், முகமெல்லாம் சிரிப்பு, ஐயா, அனுமதி வந்துடுச்சு, தை முடிஞ்சதும் அடியில தோண்டறோம், சரியான காலம் தெரிஞ்சுடும்.

சரியான காலம் எனக்கே தெரியும், யானைப் படம் போட்ட ஓடு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கல்லடியில் போட்டு உட்கார்ந்துகொண்டேன், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, யாரும் கொத்துக்கரண்டியோடு கிட்டே வரக்கூடாது என்றேன், வேனில் வந்தவர்கள் என்னையும் சேர்த்துப் படம் எடுத்தார்கள், ஒரு பெண் நான் சிலையா என்று விரலால் குத்திப் பார்த்தாள். மூன்றாம் நாள் பாவாத்தாள் வந்தாள், எழுபது வயது, இடுப்பில் கை, ஏனுங்ண்ணா, காவலுக்கு உக்காந்திருக்கறீங்களாக்கு, ஆமா என்றேன், எத்தனை நாளைக்குங்க, சாகற வரைக்கும் என்றேன், செத்த அடுத்த நாளு தோண்டுவாங்களே, அப்ப காரியப்பன் ஓட்டை எடுத்து வெச்சுக்கிட்டு ஊர் ஊராக் காட்டுவான், பொய்க்காரன்னு உங்க சாவுக்குப் பொறவு ஒரு பேரு, அதை நீங்க எந்திரிச்சு வந்து இல்லீன்னு சொல்ல முடியுமா. அவள் நாற்காலியைப் பிடித்து ஆட்டினாள், மம்பட்டி சொல்றதுக்கு முந்தி வாயில சொல்லிப் போடுங்ண்ணா, அதுல ஒரு கவுருதி இருக்குது. என் தங்கையிடமிருந்து நான் ஏற்றுக்கொண்ட முதல் யோசனை அது, கடைசியும் அதுவாகவே இருக்க வேண்டும் என்று அப்போதே அவளிடம் சொல்லிவிட்டேன்.

பட்டிப்பொங்கல், பானை நுரைத்து ஏறுகிறது, கூட்டம் வேலிக்கு வெளியிலும் நிற்கிறது, வேனில் வந்தவர்கள் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள், நாட்ராயன் கணீரென்று கேட்கிறார், கல்லு விழுகாம நிக்குதா, எனக்குக் கயிறு முறுகும் சத்தம் கேட்கிறது, உள்ளங்கை எரிகிறது, அப்பா ஓட்றா மாட்டை என்கிறார், விழுந்துச்சு என்றேன். நாட்ராயன் கண்ணைச் சிமிட்டினார், கிட்டே வந்து மெதுவாக, பெரியப்பா, பானை பொங்குது, வெளயாடாதீங்க, நிக்குதுன்னு சொல்லுங்க என்றார், மறுபடி உரக்கக் கேட்டார், விழுந்துச்சு, எழுபத்தேழு சித்திரையில விழுந்துச்சு, மூன்றாம் முறை அவர் குரல் பேக்கரியையும் நினைத்துக்கொண்டு நடுங்கியது, விழுந்துச்சு, நானும் எங்கப்பனும் மாமனும் இவளும் நிறுத்துனோம், தலைகீழா நிறுத்துனோம், காரியப்பன் வீட்டு மாட்டைக் கேக்காம அவுத்துக்கிட்டு வந்து நிறுத்துனோம். பொங்கல் பொங்கி அடுப்பை அணைத்தது, யாரும் குலவை போடவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு காரியப்பன் வந்தான், அறுபத்துநாலு வயது, நாலு தலைமுறை காத்திருந்த உருமாலைக் கேட்கப் போகிறான் என்று நிமிர்ந்து நின்றேன், அவன் உருமாலைப் பார்க்கவே இல்லை, ஏனுங்ண்ணா, அன்னிக்கு மாட்டை ஓட்டுனது நீங்களா என்றான், நாங்கதான் என்றேன், கழுத்துத் தோலு பிஞ்சு கெடந்துச்சு, எங்கப்பன் சந்தையிலிருந்து வந்து பாத்துப்போட்டு ஆருடா ஓட்டுனதுன்னு சாட்டையில என்னைய அந்த அடி அடிச்சாரு, எனக்குத் தெரீலைன்னு சொன்னேன், நம்பலை, அப்ப நீ எங்கடா போனே என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள், காரியப்பன் தலையைச் சொறிந்தான், காங்கயத்துக்கு, படம் பாக்க, காலைக்காட்சியும் மதியக்காட்சியும், ஒரே படத்தை. அடக்க மாட்டாமல் முதலில் சிரித்தவள் பாவாத்தாள், பிறகு ஊரே சிரித்தது, திலகவதி தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்கினாள், நான் சிரிக்கவில்லை, எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை, தப்புத்தான் காரியப்பா என்றேன், என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது, விடுங்ண்ணா, அடி ஆறிப்போச்சு என்றான் அவன், நாட்ராயன் உருமாலை வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் போவதென்று திகைத்து நின்றார், நானே அவர் கையிலிருந்து வாங்கினேன், வேண்டாமுங்ண்ணா, படம் பாக்கப் போனவனுக்கு என்னத்துக்கு என்று காரியப்பன் பின்வாங்கினான், பேசாம நில்றா என்று பிடித்து நிறுத்தி என் கையாலேயே கட்டினேன், மூன்று சுற்று, இறுக்கமாக, உருமால் எங்கள் வீட்டிலிருந்து பறிக்கப்பட்டதில்லை, கொடுக்கப்பட்டது, இது எழுத்தில் இருக்கட்டும்.

தை முடிந்ததும் தோண்டினார்கள், முதல் ஓட்டுத் துண்டை எடுத்துத் தூரிகையால் மண்ணைத் துடைத்த திலகவதி யானைப் படத்தை என் பக்கம் திருப்பிக் காட்டி, ஐயா, யானைன்னு சொன்னேன்ல என்றாள். மேற்கே பழைய குழியையும் கண்டுபிடித்தாள், அதனடியில் தாழியும் பாசிமணியும், கல்லுக்கு மூவாயிரம் வயது என்பது நிஜமாகிவிட்டது, தலைகீழாக நிற்பதற்கு நாற்பத்தேழு, திருப்பி நிறுத்தலாமா என்று அரசாங்கத்திலிருந்து கேட்டதற்கு, பன்னு அச்செல்லாம் செய்து வைத்துவிட்டோம், வேண்டாம் என்று நாட்ராயன் மனுக் கொடுத்தார், தலைகீழ்க் கல்லைப் பார்க்க முன்னைவிட இரண்டு பங்கு வேன் வருகிறது, எல்லோரும் எங்களிடம் கருணையாகத்தான் நடந்துகொள்கிறார்கள், அந்தக் கருணையைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. பாவம், அவசரத்தில் எது தலை எது கால் என்று தெரியாமல் நட்டுவிட்டார்கள் என்று பேக்கரி வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொல்கிறார்களாம், அது தவறு, எது தலை என்று எங்களுக்குத் தெரியும், தெரிந்துதான் தலைகீழாக நட்டோம்.