புல் முளைக்காத மைதானம்

எடைமேடைக்காரர் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். ஜல்லி லாரி மேடையில் ஏறும், திரையில் எடை விழும், சீட்டு அடித்து ஜன்னல் வழியாக நீட்ட வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம். அடுத்த லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது என்பதால், எழுந்து காலாற நடக்கக்கூட வழியில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அதே கதைதான்.

கூண்டில் அவரோடு மாட்டிக்கொண்ட இன்னொரு ஜீவன் அந்தக் கணினி. லாரி ஓட்டுநர்கள் அதற்கு வைத்த பெயர் தாத்தா. எடை பார்க்கும் மென்பொருள் அதில் மட்டும்தான் ஓடும். அதை எழுதிக் கொடுத்தவர் எங்கே போனாரோ, ஆளே இல்லை. மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டால் முதலாளி, "ஓடுது இல்ல? ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்பார். எடைமேடைக்காரரையும் சேர்த்துச் சொன்ன மாதிரியே இருக்கும்.

இந்தத் தாத்தாவின் தலையில்தான் புத்தம் புது விளையாட்டு ஒன்றை ஏற்றினார். கொழுப்பா என்று கேட்காதீர்கள். மனைவி பிரிந்துபோய், வேறொருவரைக் கட்டிக்கொண்டு, தூரத்து நகரத்தில் இருக்கிறாள். பத்து வயது மகளும் அங்கேதான். போனில் கூப்பிட்டால் பிள்ளை "ம்" என்பாள். மூன்று "ம்" ஆனதும் பேச்சு தீர்ந்துவிடும். அவளேதான் ஒருநாள், "அப்பா, இந்த கேமுக்கு வா. ஒளிஞ்சு விளையாடலாம். நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் ஒரு ரகசியச் சொல் வெச்சிருக்கேன்" என்றாள். ஞாயிறு நாலு மணியிலிருந்து ஐந்து வரை. வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் அவருக்கு உயிர். மற்றதெல்லாம் ஜல்லி.

தாத்தா லேசில் மசியவில்லை. விளையாட்டின் அமைப்புகளுக்குள் போய் நிழலை நிறுத்தினார், மழையை நிறுத்தினார், மேகத்தையும் நிறுத்தினார். கடைசியில் புல்லையும் நிறுத்திய பிறகுதான் அது மூச்சிரைக்க ஓட ஆரம்பித்தது. பேச்சுச் சத்தத்தை அதன் தலையில் கட்ட முடியாமல், பேசுவதற்கு மட்டும் போனைக் காதில் மாட்டிக்கொண்டார். ஒருமுறை ஆசைப்பட்டுப் புல்லைப் போட்டுப் பார்த்ததில் தாத்தா அப்படியே உறைந்துபோனது. இருபது நிமிடம் லாரிகள் வரிசைகட்டி நின்று, ஹாரனிலேயே அவருடைய பரம்பரையைத் திட்டித் தீர்த்தன.

மகளின் திரையில் ஆள் உயரப் புல் காற்றில் ஆடுமாம். அதற்குள் படுத்துக்கொண்டால் யாராலும் பார்க்க முடியாது என்று நம்பினாள். அப்பா திரையிலோ மொட்டை மைதானம். நடுவில் மஞ்சள் சட்டை போட்ட பொம்மையாக அவள் பப்பரக்கா என்று கிடப்பாள். அதை அவர் அவளிடம் சொன்னதே இல்லை. சொன்னால் விளையாட்டு முடிந்துவிடுமே. "எங்கடா போன? கண்ணுலயே சிக்க மாட்டேங்கிற" என்று அவளைச் சுற்றிச் சுற்றி வருவார். வாயைப் பொத்திக்கொண்டு அவள் சிரிப்பது காதில் கேட்கும். அது போதும் அவருக்கு.

அந்த ஞாயிறும் நூறு எண்ணிவிட்டுத் திரும்பினார். மஞ்சள் சட்டை வழக்கமான இடத்தில் கிடந்தது. பக்கத்தில், தோளோடு தோளாக, ஒரு நீலச் சட்டையும் கிடந்தது.

ஒன்றை இரண்டாகக் காட்டுகிறதோ இந்தத் தாத்தா என்றுதான் முதலில் நினைத்தார். அப்போது நீலச் சட்டை கையை நீட்டி, மஞ்சள் சட்டையின் தலையில் ஒரு தொப்பியை வைத்தது. மஞ்சள் சட்டை எழுந்து ஒரு குதி குதித்துவிட்டு, அவசரமாகப் படுத்துக்கொண்டது. ரகசியச் சொல் தெரியாமல் அந்த மைதானத்துக்குள் யாரும் வர முடியாது. அந்த வீட்டில் அவள் அதைச் சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான், அவள் அம்மா கட்டிக்கொண்டவர்.

"கண்ணு, கூட யாராவது இருக்காங்களா?"



"இல்லப்பா. நான் மட்டும்தான். நம்ம கேமுக்கு வேற யாரு வருவா?"

அப்பா மனசு நோகக்கூடாது என்று பிள்ளை பொய் சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அதுதான் கூடுதலாக வலித்தது. பார்த்துவிட்டேன் என்று சொன்னால் அடுத்த ஞாயிறு இருக்காது. சொல்லாவிட்டால் ஒவ்வொரு ஞாயிறும் இந்த இரண்டு சட்டைகளையும் பார்த்துக்கொண்டே, காணோமே காணோமே என்று சுற்றி வர வேண்டும். எழுந்து எங்கேயாவது போய்விடலாம் என்றால், வெளியே மேடையில் லாரி ஏறி நின்றது.

"அண்ணே, சீட்டு!" என்றார் ஓட்டுநர்.

"ஒரு நிமிஷம் இருப்பா."

"அப்பா, கண்டுபிடிச்சிட்டியா?"

"இல்லடா. புல்லு அடர்த்தியா இருக்கு. ஒண்ணுமே தெரியல."

சொல்லிவிட்டு அமைப்புகளைத் திறந்தார். புல் என்ற இடத்தில் முழு அளவை வைத்தார். தாத்தா ஒருமுறை உறுமியது. மொட்டை மைதானத்தில் முதலில் இங்கொன்றும் அங்கொன்றுமாக, பிறகு மளமளவென்று புல் எழும்பியது. நீலச் சட்டை மறைந்தது. மஞ்சள் சட்டையும் மறைந்தது. பிள்ளை சொன்னது சரிதான், அவ்வளவு அழகாக இருந்தது. அப்புறம் எல்லாம் அப்படியே நின்றுபோயின.

வெளியே ஹாரன் ஆரம்பித்தது.

"அப்பா, ஏன்ப்பா சிலை மாதிரி நிக்கிற? பக்கத்துலதாம்ப்பா இருக்கேன். வா."

"வரேன்டா, வந்துட்டே இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே, அவர் செத்துப்போன மவுஸை நகர்த்திக்கொண்டிருந்தார்.