சந்தைக் கூரையில் தங்கிய கீச்சு

துணிச் சந்தையின் கூரைக்குக் கீழே ஒரு கீச்சு ஏழு வருஷம் குடியிருந்தது. சந்தைக் கட்டடத்தின் திறப்பு விழாவன்று பகல் பதினொன்றரை மணிக்கு, ஊர் பேண்டின் கிளாரினெட் வரிசையிலிருந்து கிளம்பி மேலே போனது, மற்ற சத்தங்களைப்போலக் கரைந்து தொலையாமல் நடுத்தூணின் உச்சியில் இடம் பிடித்துக்கொண்டு, மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடியும் கீச்சென்றது. அதற்கடுத்த நாளும் அப்படியே. கண்ணுக்குத் தெரியாது என்றாலும் அது இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். நேர் கீழே நின்றால் பல் கூசும். முதலில் வியாபாரிகள் அதை விரட்டத்தான் பார்த்தார்கள். ஏணி போட்டு ஒட்டடைக்கோலால் குத்தினார்கள். தீயணைப்பு வண்டியை வரவழைத்துத் தண்ணீர் பீய்ச்சினார்கள்; நனைந்தது கம்பளிக் கடைக்காரரின் சரக்குதான். ஆனால் வியாபாரி எதையும் சும்மா கிடக்க விடமாட்டான். வருஷம் திரும்புவதற்குள் கீச்சுக்கும் ஒரு வேலை கொடுத்துவிட்டார்கள். காலையில் தொடங்கிய பேரம் எதுவானாலும் கீச்சோடு முடிந்தது. அது கேட்கும்போது கடைசியாக யார் எந்த விலையைச் சொல்லியிருந்தாரோ அதுதான் விலை. நேரம் நெருங்கியதும் இருமல் வந்ததுபோல் நடித்து எதிராளியின் பேச்சை மறிக்கும் கெட்டிக்காரர்கள் உருவானார்கள். கம்பளிக் கடைக்காரருக்கு அந்த இருமல் பழகிப்போய் வீட்டிலும் நிற்கவில்லை.

ஊரில் அந்தச் சந்தைக்குள் கால் வைக்காதவர் ஒருவர் உண்டென்றால் அது கிளாரினெட்காரர்தான். அவர் மனைவி அங்கேதான் பட்டன் கடை வைத்திருந்தாள். "ஏங்க, ஒரு நாளாவது கடைப்பக்கம் வந்து எட்டிப் பாருங்களேன்" என்பாள். "எனக்குக் கூட்டம் ஆகாது" என்பார். கூட்டத்துக்கு முன்னால் ஊதியே காலம் தள்ளுகிற மனுஷன் சொல்கிற பதிலா இது என்று அவள் சிரித்துவிட்டுப் போவாள். அவருக்கு மட்டும் சிரிப்பு வராது. கீச்சு அவருடையது. விழா முடிந்த மறுவாரம் ஏதோ நினைவில் சந்தை வாசல்வரை போயிருக்கிறார். தூண் உச்சியில் இருந்த கீச்சு, காலடிச் சத்தம் தெரிந்த பூனையைப்போல இறங்கி நேராக அவர் தலைக்கு மேல் வந்து நின்றது. பல் கூசியது. திரும்பிப் பார்க்காமல் வீடுவரை ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார்.

பேண்டுக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கிளாரினெட்டில் கீச்சு விழாத உதடு கிடையாது. மேல் சுரத்துக்குப் போகும்போது வாத்தியத்தின் வாயில் கட்டிய நாணல் சீவல், அதாவது ரீடு, எந்த நொடியில் காலை வாரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் கீச்சு விட்டவர் உடனே வாத்தியத்தை இறக்கிப் பெருவிரலால் ரீடைத் துடைத்துவிட வேண்டும். அதுதான் ஒப்புதல். அதற்குமேல் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். விழாவன்று கிளாரினெட்காரர் துடைக்கவில்லை. பழைய பேண்டு மாஸ்டர் ஓய்வுபெறும் சமயம்; அடுத்த மாஸ்டர் யார் என்று முடிவு செய்ய நகரத் தலைவர் முன்வரிசையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போட்டிக்கு இருந்தது இரண்டே பேர், கிளாரினெட்காரரும் பக்கத்து நாற்காலியில் இருந்த அவர் மச்சினனும். மச்சினன் இளையவன், ஆனால் மேல் சுரத்தில் அவனுக்குக் கீச்சு விழுவது அபூர்வம். அன்று காலைகூடச் சொல்லியிருந்தான்: "அத்தான், மேல போறப்ப பயத்துல தாடைய இறுக்கிடறீங்க. ரீடு மூச்சுத் திணறிக் கத்துது. கடிக்காதீங்க, காத்த மட்டும் வேகமா விடுங்க." "நீ எனக்கு வாத்தியாரா?" என்று அவர் கேட்டிருந்தார். மேல் சுரம் வந்தது, கடித்தார், கீச்சு பறந்தது. சபை மொத்தமும் நிமிர்ந்தது. கிளாரினெட்காரர் தலையைத் திருப்பி மச்சினனைப் பார்த்தார். மச்சினன் ஒரு கணம் அவர் கண்ணைப் பார்த்தான். பிறகு தன் வாத்தியத்தை இறக்கி, பெருவிரலால் தன் ரீடைத் துடைத்தான்.

காரியம் அத்தோடு முடிந்தது. அவர் மாஸ்டர் ஆனார், கீச்சு கூரையை விட்டு இறங்காததால் வழக்கத்தையும் மீறி மச்சினன் பேண்டை விட்டு அனுப்பப்பட்டான். அக்காவின் கடையில் உட்கார்ந்து பட்டன்களை நிறம் பிரித்தான். ஊர் அவனுக்குக் 'கீச்சு' என்று பெயர் வைத்தது. பெண் பார்க்கப் போன இடங்களில் அந்தப் பெயர் அவனுக்கு முன்னால் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. "எந்தம்பி கைராசிக்காரன், வாய்தான் ராசியில்ல" என்று மனைவி வருத்தப்படும்போதெல்லாம் கிளாரினெட்காரர் தட்டைப் பார்த்துக் குனிந்து சாப்பிட்டார். வருஷக்கணக்கில் குனிந்ததில் கழுத்தில் ஒரு மடிப்பே விழுந்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு மேல் சுரங்களைப் பழகினார். ரீடை மாற்றினார், ஊறவைத்தார், விரல் துளைகளை முழுசாக மூடுகிறதா என்று கண்ணாடியில் பார்த்தார். கடைசியில் மச்சினன் சொன்னதுதான் மிச்சம் நின்றது. தாடையை விட்டார், காற்றை விட்டார். சுரம் எண்ணெயில் வழுக்கினாற்போல் மேலே ஏறியது. கீச்சில்லாமல் ஊதுவது இவ்வளவு லேசா என்று தெரிந்த அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஏழாம் வருஷம் சந்தைக்குக் கூரை மாற்றினார்கள். பழைய தகரத்தைக் கழற்றிய நாட்களில் கீச்சு வெட்ட வெளியிலேயே அந்த உயரத்தில் காத்திருந்தது. தச்சர்கள் அதைச் சுற்றிக்கொண்டு வேலை பார்த்தார்கள். புதுக்கூரைக்கு விழா எடுத்தார்கள், பேண்டு உள்ளேதான் ஊதியாக வேண்டும், மாஸ்டருக்குச் சாக்குச் சொல்ல வழியில்லை. அவர் வாசலைத் தாண்டியதுமே கீச்சு தலைக்கு மேல் வந்து நின்றது. பட்டன் கடையிலிருந்து மனைவி பெருமையாகக் கையசைத்தாள். அவள் பக்கத்தில் மச்சினன் நிறம் பிரித்துக்கொண்டிருந்தான். மேல் சுரம் வந்தது. கிளாரினெட்காரர் கடிக்கவில்லை; சுரம் சுத்தமாக ஏறி, நின்று, இறங்கியது. கூட்டம் கைதட்டியது. தட்டி முடிப்பதற்குள் அவர் வாத்தியத்தை இறக்கி, எல்லோரும் பார்க்கும்படி உயரத் தூக்கிப் பிடித்து, பெருவிரலால் ரீடைத் துடைத்தார்.

வியாபாரிகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேண்டுக்காரர்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். கீச்சு விறுவிறுவென்று இறங்கி, கிளாரினெட்டின் அடிவாய் வழியாக உள்ளே புகுந்துகொண்டது. மனைவி கணவனைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். அசைத்த கையை மெல்ல மடியில் வைத்துக்கொண்டாள்.

"இத்தன வருஷமா என் சோத்தத் தின்னுக்கிட்டே எந்தம்பியக் 'கீச்சு'ன்னு கூப்பிடறதக் கேட்டுக்கிட்டு இருந்தீங்களா?" என்று அவள் கேட்டது வீட்டுக்கு வந்த பிறகுதான். அவர் மச்சினன் பக்கம் திரும்பிக் கேட்டார், "நீ ஏன்டா அன்னிக்குத் தொடச்ச?"

"நீங்க என்னப் பாத்தீங்க, அத்தான். தொடைக்கச் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

மூன்றாம் நாள் வியாபாரிகள் திரண்டு வந்தார்கள். முறையிட்டவர் கம்பளிக் கடைக்காரர். "மாஸ்டர், நல்லாக் கேட்டுக்குங்க. கீச்சு இல்லாம ஒரு பேரமும் முடிய மாட்டேங்குது. நேத்துக் காலையில விலை கேட்ட அம்மா இன்னும் என் கடையிலதான் உக்காந்திருக்காங்க. உங்க சரக்கக் கொண்டாந்து எடத்துல விடுங்க." கீச்சு திரும்பித் தூணுக்குப் போக மறுத்தது. ஆகவே கிளாரினெட்காரர் மாஸ்டர் பதவியை மச்சினனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, தினமும் பதினொன்றரை மணிக்கு நடுத்தூணின் கீழ் வந்து நின்று, தாடையை இறுக்கி ஒரு கீச்சு விட்டு, ரீடைத் துடைத்துக்கொண்டு, கடையில் மனைவிக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பட்டன் பிரிக்கிறார். மச்சினனின் பெயரை மட்டும் ஊர் மாற்றவில்லை. பழகிய பெயர், அப்படியே இருந்துவிட்டது. சந்தையில் யாராவது "கீச்சு!" என்று கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்புகிறார்கள். முதலில் திரும்புவது கிளாரினெட்காரர்.