நான் சொன்ன மீன்கொத்தி

ஓமானின் சலாலாவில் தென்னையும் வாழையும் போட்ட பெரிய தோட்டம் ஒன்றில் சொட்டுநீர்க் குழாய் பார்ப்பது என் டியூட்டி. கேம்ப்பில் பதினோரு பேர். அதில் பறவைகளைப் பற்றித் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதும் நான்தான்.

போன ஜூனில், சாரல் தொடங்கிய வாரம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துப் பட்டமரத்தில் புதிதாக ஒரு பறவை வந்து உட்கார்ந்தது. சாம்பல் தலை, செங்கல் நிற வயிறு, நீல இறக்கை, நீளமான சிவப்பு அலகு.

"பாலமுரளியண்ணே, இது என்னண்ணே?" என்றான் என் ரூம்காரன் சதீஷ்குமார்.

அப்படியொன்றை நான் ஆயுளில் பார்த்ததில்லை. ஆனால் தெரியாது என்று சொல்லி என் வாய்க்குப் பழக்கமில்லை.

"மீன்கொத்திடா. அலகப் பாத்தாலே தெரியல?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். "அது சும்மா வந்து உக்காராது. தொட்டில மீன் கெடக்கு" என்றும் சேர்த்துவிட்டேன்.

பாசி படர்ந்த தொட்டி. உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை லீவில் காலையிலேயே நாலு பேர் தூண்டிலோடு உட்கார்ந்துவிட்டார்கள். ஸ்டோர் பார்க்கும் அதிராம்பட்டினத்து உஸைர் பாய் மீன் மசாலாவை அரைத்தே வைத்துவிட்டார். நான் இன்ஜினியர் மாதிரி நடுவில் நின்று, "அந்த மூலைல போடு, அங்கதான் ஆழம்" என்று உத்தரவு போட்டேன். உஸைர் பாய் தொழுகைக்குப் போய்த் திரும்பும்வரை மாட்டியது ஒரு குழாய்த் துண்டுதான். அதுவும் நான் தொலைத்தது.

அப்போது ஒகெல்லோ வந்தான். கேட்டில் புதிதாகச் சேர்ந்த உகாண்டாக்காரக் காவலாளி. மரத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக நின்றுவிட்டான்.

"பாய், இது எங்க கிராமத்துப் பறவை" என்றான் என்னிடம், உடைந்த இந்தியில். "மக்காச்சோளக் கொல்லையில உக்காந்திருக்கும்."

"மீன் பிடிக்குமில்ல?" என்றேன்.

"மச்லி மாஃபி, பாய். மீனெல்லாம் கெடையாது. வெட்டுக்கிளி, பல்லி, அவ்வளவுதான்."

தூண்டில்காரர்கள் அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் விடவில்லை. "அது உங்க ஊர்ல. எடம் மாறுனா சாப்பாடும் மாறும்" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, பறவை விருட்டென்று இறங்கி உஸைர் பாயின் காலடியில் ஒரு பல்லியைக் கவ்வியது. கிளையில் இரண்டு அடி அடித்து விழுங்கியது.

"ஏன் பாலமுரளி, அரைச்ச மசாலாவப் பல்லிக்குத் தடவிரவா?" என்றார் பாய்.

சதீஷ்குமார் போட்டோ எடுத்து, பறவைப் பெயர் சொல்லும் செயலியில் போட்டான். ஆப்பிரிக்காவிலிருந்து வந்துபோகும் சாம்பல்தலை மீன்கொத்தி என்று காட்டியது. "பாத்தீங்களா, மீன்கொத்திதான்!" என்று துள்ளினேன். கூடத் துள்ள ஆளில்லை. அன்று உருளைக்கிழங்குக்குத்தான் மீன் மசாலா.

சாயங்காலம் கேட்டுக்குப் போனேன். மண்கரையில் அது பொந்து போடும் என்றும், சின்ன வயதில் அதில் கையை விட்டுக் கொத்து வாங்கியதாகவும் சொல்லி, ஒகெல்லோ விரலை நீட்டிக் காட்டினான். பிறகு, "உங்க ஊர்ப் பறவை மீன் மட்டும்தான் சாப்பிடுமா?" என்று கேட்டான்.

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அறந்தாங்கியில் எங்கள் வயல் மின்கம்பியில் உட்கார்ந்து, ஓணான் ஓணானாகப் பிடித்துத் தின்றது மீன்கொத்திதான். நூறு தடவை பார்த்திருக்கிறேன்.

"மீன்கொத்தியப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியல, பாய்" என்றேன். புது வார்த்தை, என் வாய்க்கு இன்னும் பழகவில்லை.

மறுவாரம் ஒரு மஞ்சள் குருவி ஈச்சமட்டையில் கூடு பின்னிக்கொண்டிருந்தது. "தூக்கணாங்குருவி சாதிடா" என்றேன். ஒரு எழுத்துப் பிசகாமல் சரி. சதீஷ்குமார் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எதுக்கும் ஒகெல்லோவ ஒரு வார்த்த கேட்டுக்கறேண்ணே" என்று கேட்டைப் பார்த்து நடந்தான்.