எடை கூடிய செம்பு

முன்பனிக் காலம் ஊரின்மேல் மெல்ல இறங்கி அமர்ந்திருந்தது. கார்காலத்துக்கு இடியுண்டு, மின்னலுண்டு. வேனிலுக்கு வெயிலின் சினமுண்டு. இப்பருவத்துக்கோ ஒன்றுமில்லை. பரிதி எழுவதும் தெரியாமல் வீழ்வதும் தெரியாமல் வெளிறிய பகலொன்று வந்து போகும். மரங்கள் உதிர்க்கவும் இல்லை, தளிர்க்கவும் இல்லை. குழாய்நீர் பட்டதும் விரல்கள் மரத்து, வேறெவருடைய விரல்களோ என்று தோன்றின. உலகம் மூச்சைப் பாதியில் நிறுத்தி, மீதியை விட மறந்திருந்தது.

அவளுக்கு அந்தப் பருவம் ஒத்துப்போயிற்று. பேரிங் வார்க்கும் ஆலையின் ஆய்வகத்தில் அவள் உலோகவியலாளர். அதே ஆய்வகத்தில் எதிர்மேசைக்காரனாக இருந்த கணவன், மழை தொடங்குமுன் மாரடைப்பில் போய்விட்டான். அவள் அழுவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள், அவளும் காத்திருந்தாள். அழுகை வரவில்லை. காலையில் வேலைக்கு வந்தாள். மாலையில் வீட்டுக்குப் போனாள்.

அவன் விட்டுச்சென்றது ஒரு செப்புக் கலவை. செம்போடு மாங்கனீசையும் சிலிக்கனையும் அளவறிந்து சேர்த்தால், உறையும்போது உள்ளே ஊசி ஊசியாய்க் கடிய துகள்கள் விளையும். அவை தேய்மானத்தைத் தடுக்கும். நகருக்கு நீர் இறைக்கும் நிலையத்தார் தங்கள் பம்புகளுக்கு அந்தக் கலவையில் புஷ் கேட்டிருந்தார்கள். பம்பின் சுழல்தண்டான ஷாஃப்டை உறைபோல் சூழ்ந்து தாங்கும் வளையம் அது. கடைசிச் சோதனையும் தேறிவிட்டால், கலவைக்கு அவன் பெயரையே இடுவதாக மேலாளர் வாக்களித்திருந்தார். வீட்டில் மாமியார் நாள்தோறும் அதையே கேட்பார்.

அன்று காலை, புஷ்ஷுக்குள் ஷாஃப்டைப் பல நாள் ஓட்டிய சோதனை முடிந்து எந்திரம் நின்றது. புஷ்ஷைக் கழற்றியவன் அவளுடைய கொழுந்தன். வார்ப்புப் பிரிவின் மேற்பார்வையாளன். ஆலையில் அவனுக்குக் 'கரண்டி' என்று பெயர். உருகிய செம்பை மொண்டு ஊற்றும் பெருங்கரண்டியை வேறெவர் கையிலும் அவன் கொடுப்பதில்லை.

"அண்ணி, இங்க வாங்களேன். கூத்தைப் பாருங்க!"

தராசு காட்டிய எடை, சோதனைக்கு முன்பிருந்ததைவிடச் சற்றே கூடியிருந்தது.

"ஊர்ல இருக்கிற புஷ்ஷெல்லாம் ஓடி ஓடி இளைக்கும். அண்ணன் பண்ணது ஓடி ஓடி சதை போட்டிருக்கு. அவரை மாதிரியே!"

அவள் உதடுகள் சிரிப்புக்குரிய வடிவத்தை எடுத்து, மீண்டும் பழைய நிலைக்கு வந்தன.

"எண்ணெய் ஒட்டியிருக்கும் தம்பி. திரும்பக் கழுவுங்க."

"ரெண்டு தடவை கழுவியாச்சு. விடுங்க அண்ணி, தேயல இல்ல? அது போதும். மத்தியானம் பம்ப் ஹவுஸ் இன்ஜினியர் வந்துடுவார். இனிப்பு வாங்கிட்டு வரட்டுமா?"

"வாங்குங்க" என்றாள்.

அவன் போனபின், புஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தாள். மகிழ்ச்சி இல்லை; ஐயமும் இல்லை. ஆனால் இல்லாததிலிருந்து எதுவும் வருவதில்லை. கூடிய எடை எங்கிருந்தோ வந்திருக்கவேண்டும். அந்த ஓர் எண்ணம் மட்டும் கைகளை அசைத்தது. சிறுகத்தியால் புஷ்ஷின் உட்புறத்தைச் சுரண்டினாள். உதிர்ந்த சாம்பல்நிறப் பொடியின்மேல், கீழே விழும் திருகுகளைப் பொறுக்குவதற்காக வைத்திருந்த காந்தத்தைப் பிடித்தாள். பொடி எழும்பி ஒட்டிக்கொண்டது.

செம்பு காந்தத்தில் ஒட்டாது. அவன் கலவையில் இரும்பு துளியும் இல்லை.

ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் புஷ்ஷை மட்டுமே நிறுப்பது அந்த ஆய்வகத்தின் வழக்கம். அதுவரை ஓடியது கடினமாக்கிய ஷாஃப்ட். அது தேயுமென எவரும் எண்ணியதில்லை. இம்முறைதான் நிலையத்தார் தங்கள் பம்பிலுள்ளது போன்ற சாதாரண எஃகு ஷாஃப்டை அனுப்பியிருந்தார்கள். அவள் எழுந்து சென்று, அதன்மேல் நகத்தை நெடுக ஓட்டினாள். நகம் ஒரு வரிப்பள்ளத்தில் தடுக்கியது. சற்றுத் தள்ளி மீண்டும் தடுக்கியது.

"ஷாஃப்டை எதுக்குத் தடவுறீங்க?" இனிப்புப் பெட்டியோடு வந்து நின்றான் கரண்டி.

"புஷ் தேயல தம்பி. ஷாஃப்டைத் தின்னிருக்கு. நீங்க சொன்ன சதை இதுதான்."

அவனும் நகத்தை ஓட்டிப் பார்த்தான். பெட்டியை மெல்ல மேசையில் வைத்தான்.

"கெட்டியான ஷாஃப்ட் போட்டுக்கோங்கன்னு அவங்ககிட்ட சொல்லிட்டா என்ன?"

"பூமிக்கடியில ஓடுற ஷாஃப்ட். மாத்தணும்னா பம்பையே பிரிக்கணும். புஷ் கெட்டா புஷ்ஷை மாத்திடலாம். ஷாஃப்ட் கெட்டா ஊருக்கே தண்ணி நின்னுடும்."

"இன்னைக்கு விட்டா அண்ணன் பேரு போச்சு அண்ணி. அடுத்த கலவைக்கு எவன் பேரையோ வைப்பாங்க." அவன் அவள் பக்கம் திரும்பினான். "அவர் தப்பு பண்ணிட்டார்னு நீங்களே சொல்லப் போறீங்களா?"

"ஆமா. நானும்தான் பண்ணேன். ரெண்டு பேரும் உக்காந்து புஷ்ஷையே எடை போட்டுக்கிட்டு இருந்தோம்."

நண்பகலுக்குப் பின் நிலையத்துப் பொறியாளர் மேலாளருடன் வந்தார். அவள் ஷாஃப்டை அவர்முன் நகர்த்தி, "தொட்டுப் பாருங்க" என்றாள். தொட்டவர் நிமிர்ந்தார்.

"இந்த புஷ்ஷை மாட்டியிருந்தா என் தலை உருண்டிருக்கும்மா."

"சிலிக்கனைக் குறைச்சு, கொஞ்சம் மிருதுவான உலோகம் எதாவது சேர்த்து மறுபடி வார்க்கணும். புஷ்தான் தேயணும்; ஷாஃப்ட் தேயக் கூடாது" என்றாள்.

மேலாளர் சாளரத்தைப் பார்த்தார். பெயரைப் பற்றி எவரும் பேசவில்லை. பேசாததனாலேயே அது முடிந்துபோயிற்று. கரண்டி இனிப்புப் பெட்டியைத் திறந்து எல்லார்முன்பும் நீட்டினான்.

"எடுத்துக்கோங்க சார். ஜெயிச்சாலும் தோத்தாலும் வயிறு ஒண்ணுதானே."

மாலையில் அவள் வீடு சேர்ந்தபோது மாமியார் கதவருகே நின்றிருந்தார்.

"பேரு வெச்சாச்சா?"

"இல்ல அத்தை. கலவை தேறல. நான்தான் வேணாம்னு சொன்னேன்."

"அப்ப என் புள்ள தப்பு பண்ணிட்டானா?"

"ஆமா அத்தை. ரொம்பக் கெட்டியா பண்ணிட்டார்."

மாமியார் கதவின் விளிம்பைப் பற்றிக்கொண்டார்.

"பண்ணியிருப்பான். பள்ளிக்கூடம் போறப்ப ஷூ கயித்தைக்கூட கால்ல ரத்தம் கட்டுற மாதிரி இறுக்குவான். தளர்த்திவிட நான் பின்னாடியே ஓடணும்." முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "ஊருக்குக் கெடுதல் இல்லாம போச்சே. போய்க் கை கால் கழுவு."

அவள் கழுவி வந்து சாமி படத்தின்முன் நின்றாள். நாவு அறிந்த துதிகள் பல, ஒன்றும் எழவில்லை. சொல்லின்றி, வேண்டுதலின்றிக் கைகளைக் கூப்பினாள். நகவிடுக்கில் எஃகின் சாம்பல்நிறப் பொடி இன்னும் இருந்தது. அந்தக் கைகளை அப்படியே நெஞ்சோடு சேர்த்து, விழிமூடித் தலை தாழ்த்தினாள்.

பின்னால் வந்து நின்ற மாமியார் அவள் உச்சியில் உள்ளங்கையை வைத்தார்.

"நல்லா இரும்மா. உன் கை பட்டதெல்லாம் நாலு பேருக்கு ஆகட்டும்."